சோதனை என்னும் சொல்

நாள்தோறும் காலையிலும் மாலையிலும் நாம் சொல்லும் செபத்தில் 'சோதனை' என்றொரு சொல் வருகிறது. அச்சொல்லுக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறும். பள்ளிப் பிள்ளைக்கு ஒரு பொருள். நோயாளிக்கு வேறொரு பொருள். சிறைச்சாலையில் அதற்கு உள்ள பொருளோ நம்மில் பலர் எண்ணிப் பாராதது. ஒரு மனிதனின் உடையையும் உடலையும், அவன் படுக்கும் விரிப்பையும், அவனுக்கு வீட்டிலிருந்து வந்த கடிதக் கட்டையும் இன்னொருவரின் கை புரட்டிப் பார்ப்பதற்கே அங்கே சோதனை என்று பெயர். சிறைவாசி அதற்கு மறுப்புச் சொல்ல இயலாது. நேரம் குறிப்பதும் அவன் கையில் இல்லை. சிறைக்குள் போன நாள் முதல் வெளியே வரும் நாள் வரை அவன் வாழ்வில் அது உணவைப் போல, உறக்கத்தைப் போல, ஓர் அன்றாட நிகழ்ச்சியாகி விடுகிறது.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மயிலாப்பூரில் எங்கள் பங்கைச் சேர்ந்த சிலரோடு சேர்ந்து சிறைவாசிகளைச் சந்திக்கும் பணியில் நானும் பங்கு கொண்டு வருகிறேன். இந்தியச் சிறைப்பணி இயக்கம் 1981-ஆம் ஆண்டு கேரளத்தில் இரண்டு குருமாணவர்களின் முயற்சியால் தொடங்கியது என்பதையும், ஆகஸ்டு மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அப்பணிக்கென ஒதுக்கப்பட்டிருப்பதையும் வாசகர்கள் அறிந்திருக்கலாம். அவுஷ்விட்ஸ் முகாமில் 1941 ஆகஸ்டு 14 அன்று இன்னொரு கைதிக்காக உயிர் கொடுத்த புனித மாக்சிமிலியன் கோல்பேயே அந்த இயக்கத்தின் பாதுகாவலர். அப்பணிக்குச் செல்லும் எவரும் முதலில் கடக்க வேண்டியது செபமன்று, பேச்சன்று, சோதனையே. ஆகவே அதைப் பற்றிச் சிறிது எழுதலாம் என்று துணிந்தேன்.

எனக்கு இதில் ஆசானாக வாய்த்தவர், மந்தைவெளியில் வசிக்கும் பெரியவர் ஒருவர். தமிழ்நாட்டுச் சிறைத்துறையில் காவலராகச் சேர்ந்து, பல ஊர்ச் சிறைகளில் பணி செய்து, தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவர். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த பழைய மத்தியச் சிறையிலும் சில ஆண்டுகள் இருந்தவர். 1837-ல் தொடங்கிய அந்தச் சிறை 2006-ல் புழலுக்கு இடம் மாறியது. 2009-ல் இடிக்கப்படுவதற்கு முன் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து விடப்பட்டபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. 1932-ல் சுபாஷ் சந்திர போஸ் அடைபட்டிருந்த சிறை என்று பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொண்டு நடந்தார்கள். பெரியவர் மட்டும் போகவில்லையாம். "கைதி இல்லாத ஜெயிலில் பார்ப்பதற்கு என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டார்.

அவர் விளக்கியதை என்னால் இயன்ற அளவு சொல்கிறேன். நூறாண்டுக்கு மேலாக நம் சிறைகளை ஆண்டு வந்திருப்பது 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம். கைதி உள்ளே வந்ததும் அவனைச் சோதித்து, ஆயுதமும் தடை செய்யப்பட்ட பொருளும் இருந்தால் எடுத்துவிட வேண்டும் என்பது அதன் விதி. பெண் கைதியைப் பெண் ஊழியரே சோதிக்க வேண்டும் என்பதையும் அது அன்றே எழுதி வைத்தது. கைதியிடம் உள்ள பணமும் பொருளும் ஜெயிலரின் பொறுப்பில் பதிவாகும். வாயிற்காவலர், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பரிசோதிக்கலாம். பார்வையாளர் மீது ஐயம் எழுந்தால் அவரைச் சோதிக்கலாம்; அவர் இணங்காவிட்டால் உள்ளே அனுப்ப மறுக்கலாம். தடைப் பொருளை உள்ளே கொண்டு செல்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பது அச்சட்டம் வகுத்த தண்டனை. காலம் மாறி, 2023 மே மாதத்தில் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சிறைச் சட்டம், கைப்பேசியைத் தனியே எடுத்துப் பேசுகிறது. 1894-ல் எவரும் கனவிலும் காணாத தடைப் பொருள் அல்லவா அது!

கொட்டடிச் சோதனை எப்படி நடக்கும்? முன்னறிவிப்பு இராது. கைதிகளை வெளியே அழைத்து வரிசையாக உட்கார வைத்து எண்ணுவார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தடவிப் பார்ப்பார்கள்: சட்டைக் கழுத்து, இடுப்பு மடிப்பு, செருப்பின் அடித்தோல். உள்ளே விரிப்புகளை உதறுவார்கள். தையல்களை விரலால் நெருடிப் பார்ப்பார்கள். சோப்புக் கட்டி பிளவுபட்டு ஒட்டப்பட்டிருக்கிறதா, சுவரில் புதிய பூச்சு தெரிகிறதா, தரையில் மண் இளகியிருக்கிறதா, சாக்கடை வாயில் நூல் ஏதும் தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். சன்னல் கம்பிகளைத் தடியால் ஒவ்வொன்றாகத் தட்டுவார்கள். அறுபட்ட கம்பியின் ஓசை வேறு. பழகிய காது உடனே கண்டுகொள்ளும். இன்று உலோகம் காட்டும் கருவியும், பைகளை ஊடுருவிப் பார்க்கும் இயந்திரமும், மோப்ப நாயும் உண்டு. எனினும் கையும் கண்ணும் காதும் இல்லாமல் வேலை நடக்காது என்பது பெரியவரின் முடிவு.

இவ்வளவும் தேவையா என்று மனம் இளகியவர்கள் கேட்கலாம். தேவைதான். ஒரு பிளேடு துண்டு உள்ளே போனால் அதனால் முதலில் துன்பப்படுபவன் ஜெயிலர் அல்லன். அதே கொட்டடியில் படுத்திருக்கும் பலம் இல்லாத இன்னொரு கைதி. சிறைக்கு வந்த முதல் இரவில் மனம் உடைந்து தன் உயிரையே மாய்த்துக்கொள்ள நினைப்பவனும் உண்டு. அவன் கையில் அந்தத் துண்டு இராமல் பார்த்துக் கொள்வதும் சோதனைதான். உள்ளே போகும் கஞ்சா, மகனைத் திருத்த நினைக்கும் தாயின் நம்பிக்கையை அழிக்கிறது. உள்ளே போகும் கைப்பேசி, சாட்சி சொல்ல வேண்டிய ஏழையை வீட்டிலேயே அச்சுறுத்துகிறது. 1999 நவம்பர் 17 அன்று சென்னை மத்தியச் சிறையில் மூண்ட கலவரத்தில் துணை ஜெயிலர் ஒருவரும் கைதிகள் பலரும் உயிரிழந்ததை நம் ஊர் மறக்கவில்லை. 2018 செப்டம்பரில், புழல் சிறைக்குள் சில கைதிகள் கைப்பேசியோடும் சொகுசோடும் இருப்பதாகக் காட்டும் படங்கள் வெளியாகி, அதன்பின் அங்கே சோதனைகள் நடந்ததும், தொலைக்காட்சிப் பெட்டிகள் அகற்றப்பட்டதும் செய்தித்தாளில் வந்தன. சோதனை தளர்ந்தால் சிறைக்குள் பணமும் பலமும் உள்ளவன் அரசனாகிறான். ஏழைக் கைதி அவனுக்கு ஏவலாள் ஆகிறான். இதை மறந்து இரக்கம் பேசுவதில் பயன் இல்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு.

சாந்தோம் கடற்கரைக் குப்பம் ஒன்றில் மீன் விற்றுப் பிழைக்கும் தாய் ஒருத்தியை எங்கள் குழுவினர் அறிவோம். அவள் மகன் ஓர் அடிதடி வழக்கில் விசாரணைக் கைதியாக வெளி மாவட்டத்துச் சிறை ஒன்றில் இருந்தான். சிறைவாசியைப் பார்ப்பதற்கு நம் நாட்டில் 'மனு' என்று பெயர். 'மனு பார்க்கப் போகிறேன்' என்றால், கம்பிக்கு அப்பால் நிற்கும் மகன் முகத்தைச் சில நிமிடம் பார்க்கப் போகிறேன் என்று பொருள். முதல் மாதங்களில் அவள் தவறாமல் போய் வந்தாள். பிறகு நின்று விட்டாள். பிள்ளையோ, அம்மா தன்னைக் கைவிட்டு விட்டாள் என்று எண்ணி, எவரோடும் பேசாமல், சரியாக உண்ணாமல் கிடப்பதாக எங்களுக்குச் செய்தி வந்தது.

அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல் வலைக்கயிற்றையே பார்த்துக் கொண்டிருந்தாள். பின்பு, "டீச்சரம்மா, எனக்கு வயசு ஐம்பத்தெட்டு. என் புருஷன் கடலில் போனபிறகு என் மாராப்பை ஒருத்தரும் விலக்கினதில்லை. அங்கே கதவுகூடச் சாத்தாமல் விலக்கச் சொன்னாங்க. வரிசையில் நின்ற ஆம்பளைங்க பார்த்தாங்க. நான் வஞ்சிரக் குழம்பு கொண்டு போனேன்; அதைத் தடுத்தாங்க, சரி, அது சட்டம். இது என்ன சட்டம்?" என்றாள். சோதித்தவர் பெண்தான். சட்டத்தின் எழுத்து அவ்வளவில் காப்பாற்றப்பட்டது. கதவு மட்டும் சாத்தப்படவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் படித்தவற்றுள் சிலவற்றை இங்கே தருவது பயனுடையது. 1978-ல் சுனில் பத்ரா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், சிறைக்கதவு மூடும்போது கைதியின் அடிப்படை உரிமைகள் வெளியே நின்று விடுவதில்லை என்பதை நிலைநாட்டியது. நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் நடத்தப்பட்ட விதத்தை, கம்பன் புகழ் பரப்பிய நீதியரசர் மு. மு. இஸ்மாயில் அவர்களின் ஆணையம் விசாரித்தது. சிறைச் சுவருக்குள் நடப்பதற்கும் ஊருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதற்கு அது நம் நகரத்திலேயே கிடைத்த சான்று.

உலக நாடுகள் 2015 டிசம்பரில் ஐக்கிய நாட்டுப் பொதுச்சபையில் ஏற்றுக்கொண்ட 'நெல்சன் மண்டேலா விதிகள்' இதை இன்னும் தெளிவாக்குகின்றன. இருபத்தேழு ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய விதிகள் அவை. சோதனை மனித மாண்புக்கு ஊறு செய்யக் கூடாது. தேவையின் அளவைத் தாண்டக் கூடாது. அச்சுறுத்தவோ அலைக்கழிக்கவோ அதைக் கருவியாக்கக் கூடாது. ஏன் சோதித்தோம், யார் சோதித்தார், என்ன கிடைத்தது என்று பதிவு வைக்க வேண்டும். ஆடை களைந்து சோதிப்பது முற்றிலும் தவிர்க்க முடியாதபோது மட்டுமே. அதுவும் தனியிடத்தில், பயிற்சி பெற்ற, அதே பாலைச் சேர்ந்த ஊழியரால். வழக்குத் தொடர்பான தாள்களைக் கைதி தன்னிடமே வைத்திருக்கலாம். சிறை நிர்வாகம் அவற்றைப் படித்துப் பார்க்கக் கூடாது. பார்வையாளருக்கு நடத்தும் சோதனையும் இழிவுபடுத்துவதாக இருக்கக் கூடாது. பார்வையாளர் எந்த நேரத்திலும் இணக்கத்தைத் திரும்பப் பெறலாம். அப்போது அனுமதி மறுக்கப்படலாம், அவ்வளவே. பெண் சிறைவாசிகளுக்காக 2010-ல் ஏற்கப்பட்ட 'பாங்காக் விதிகள்', தாயோடு சிறையில் வாழும் குழந்தையையும் பார்க்க வரும் குழந்தையையும் சோதிக்கும்போது தேர்ச்சியும் மென்மையும் வேண்டும் என்கின்றன. நம் நாட்டில் ஆறு வயது வரை பிள்ளைகள் தாயோடு சிறையில் இருக்கலாம் என்பதை 2006-ல் உச்ச நீதிமன்றம் வகுத்திருப்பதால், இது நமக்கும் உரியதே.

வெளிநாட்டிலிருந்து ஒரு செய்தி. நெதர்லாந்தில் மிகக் கடுங்காவல் சிறை ஒன்றில், தனிப்பட்ட ஐயம் எதுவும் இல்லாமலே, வாரந்தோறும் கைதியை ஆடை களைந்து சோதிப்பது வழக்கமாக இருந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2003-ல் அதை மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்று தீர்த்தது. காரணம் இருந்து சோதிப்பது வேறு. பழக்கத்தால் அவமதிப்பது வேறு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

"குற்றவாளிக்கு என்ன மானம்?" என்று நம் அன்பியக் கூட்டம் ஒன்றிலேயே ஒருவர் கேட்டார். கேட்டவர் நல்லவர், திருட்டுக் கொடுத்தவரும்கூட. அவருக்கு நான் இரண்டு சொன்னேன். இந்நாட்டுச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. இது ஒன்று. தீர்ப்புப் பெற்றவனுக்கும் நீதிமன்றம் விதித்த தண்டனை விடுதலையை இழப்பது மட்டுமே. மானத்தை இழக்க எந்த நீதிபதியும் உத்தரவிடவில்லை. இது இரண்டு. மூன்றாவதைச் சொன்னவர் அன்று உடன் வந்திருந்த பெரியவர். "ஐயா, மானத்தைக் கெடுத்தால் கைதி உம்மிடம் ஒன்றும் சொல்லமாட்டான். எந்த பிளாக்கில் கத்தி இருக்கிறது, எவன் எவனை அடிக்கப் போகிறான் என்று எனக்கு முன்கூட்டியே சொன்னவர்கள் கைதிகள்தான். நான் முப்பது வருடத்தில் கையால் கண்டுபிடித்ததைவிடக் காதால் கண்டுபிடித்ததே அதிகம்" என்றார். கேட்டவர் அதன்பின் மறுத்துப் பேசவில்லை.

பெரியவர் சொன்ன மற்றொரு செய்தி என் மனத்தில் தங்கிவிட்டது. ஒரு கைதி கழுத்தில் உத்தரியம் அணிந்திருந்தான். இரண்டு சிறு துணித் துண்டுகள், நான்கு புறமும் தைக்கப்பட்டவை. தைத்த துணியைச் சோதிக்காமல் விடக் கூடாது என்பது விதி. அதற்குள் எதையும் மறைக்கலாம். உடன் இருந்த இளங்காவலர் அதைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினார். பெரியவர் தடுத்து, "தம்பி, நீயே கழற்றி உன் கையில் வைத்துக்கொள்" என்று கைதியிடம் சொன்னார். அவன் கழற்றி, முத்தி செய்து, உள்ளங்கையில் ஏந்தி நின்றான். பெரியவர் அவன் கையில் இருக்கும்போதே விரலால் அதை நெருடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மீண்டும் அவனே அணிந்து கொண்டான். சோதனை முழுமையாக நடந்தது. விதி ஒன்றும் குறையவில்லை. அதற்குக் கூடுதலாகச் செலவானது அரை நிமிடம்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை செய்கையில் பத்தாம் தலத்தில் நாம் முழந்தாளிடுகிறோம். நம் ஆண்டவர் ஆடை களையப்பட்ட தலம் அது. அடியும் முள்ளும் ஆணியும் போலவே, பலர் முன்னே ஆடை களையப்பட்டதும் ஒரு பாடு என்று திருச்சபை எண்ணியதால்தான் அதற்கெனத் தனித் தலம் ஒன்று உண்டாயிற்று. மீன் விற்கும் அந்தத் தாய்க்குப் பத்தாம் தலத்தை விளக்க எவரும் வேண்டியதில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லி விடுகிறேன். எங்கள் குழு அந்தச் சிறையின் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதியது. எவர் மீதும் குற்றம் சாட்டவில்லை. பெண் பார்வையாளரைச் சோதிக்கும் இடத்துக்கு ஒரு திரையோ கதவோ வேண்டும் என்று மட்டும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டோம். பதில் கடிதம் வரவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து அந்தத் தாயை நான் உடன் அழைத்துச் சென்றபோது, அங்கே பச்சைத் துணித் திரை ஒன்று தொங்கிற்று. சோதித்த பெண் காவலர் மிக இளையவர். "அம்மா, தோளைத் தொடுகிறேன், இப்போது இடுப்பைப் பார்க்கிறேன், முடிந்தது, போங்கள்" என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தார். அந்தத் தாய் வெளியே வந்து முந்தானையைச் சரிசெய்து கொண்டு, "இந்தப் பொண்ணு நல்லா வளர்ந்த பொண்ணு" என்றாள். கம்பிக்கு அப்பால் மகன் நின்றான். அவள் வராத மாதங்களைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டாள். அவன் அழுதான்.

வாசக அன்பர்களே, இத்தகைய குடும்பங்கள் நம் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. வெட்கத்தால் அவர்கள் பின் வரிசையில் நின்று, பூசை முடியுமுன்பே போய் விடுகிறார்கள். அவர்களுக்கு நாம் செய்யக் கூடியவை சிறியவை, ஆனால் உறுதியானவை. மனு பார்க்கப் போகும் தாய்க்கு அன்று ஒரு துணை கொடுக்கலாம். அடையாள அட்டை வேண்டும், கைப்பேசியை வெளியே விட வேண்டும், வீட்டுச் சோற்றைக் கொண்டு போவதைவிடச் சிறைக் கேன்டீனில் பொருள் வாங்க மகன் பெயரில் பணம் கட்டுவது மேல் என்பவற்றை முன்கூட்டியே சொல்லலாம். கம்பியில் கோத்த செபமாலைக்குப் பதிலாக நூலில் முடிச்சிட்ட செபமாலை செய்து கொடுக்கலாம். அதைச் சோதிப்பது எளிது. கைதிக்குப் பரிவு காட்டுவதாக எண்ணி, ஒரு பீடிக் கட்டைக்கூட விதியை மீறி உள்ளே கொண்டு போக உடன்படாதிருக்கலாம். நம் ஒருவரின் சிறு மீறலால் நமக்குப் பின்னே வரும் நூறு தாய்மாரின் சோதனை கடுமையாகும். சிறைக்காவலர் குடும்பங்களும் நம் பங்குகளில் உண்டு. நாள் முழுதும் பிறரைச் சந்தேகிப்பதே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் நம் செபம் வேண்டும்.

1986 பிப்ரவரியில் நம் சாந்தோமுக்கு வந்து செபித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று முன், 1983 டிசம்பரில், தம்மைச் சுட்டவனை ரோமையின் ரெபிபியா சிறைக் கொட்டடியில் போய்ச் சந்தித்தவர். அதே சிறையில் 2024 டிசம்பர் 26 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் யூபிலி ஆண்டின் புனிதக் கதவு ஒன்றைத் திறந்து வைத்தார். கொட்டடிக் கதவுக்குள் இருப்பவனும் நம்மவனே என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று நமக்குத் தேவையில்லை. சோதனை இருக்கட்டும், கத்தியும் கஞ்சாவும் அகப்படட்டும். தேடுகின்ற கை, தான் தொடுவது ஒரு தாயின் பிள்ளையை என்பதை மறவாதிருந்தால் போதும்.